எந்தக் கரை

ஒரே ஆறு, ஒரே மொழி, ஒரே நெல். ஆனாலும் அந்த நாட்டுக்கு இரண்டு கொடிகள் இருந்தன. ஆற்றுக்கு மேற்கே ஓர் அரசு, கிழக்கே ஓர் அரசு. மேல்கரைக்குப் பீரங்கிகள் கப்பலில் வந்தன. கீழ்கரைக்கு மலைகளைத் தாண்டி ரயிலில் வந்தன. அனுப்பியவை இரண்டு வல்லரசுகள். அவற்றின் நிஜப் பெயர்கள் ஜனங்களின் வாயில் நுழையவில்லை. ஒன்றைக் கடல்நாடு என்றார்கள், மற்றதைப் பனிநாடு என்றார்கள்.

அந்த இரண்டு நாடுகளும் ஒருநாள்கூட ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதில்லை. சுட்டுக்கொள்ளும் வேலை இங்கே நடந்தது. ஏழு வருஷமாக நடந்தது.

ஆற்றின் நடுவில் குடைமலை இருந்தது. ஆறு இரண்டாகப் பிரிந்து அந்த மலையைச் சுற்றிவந்து மறுபடி சேரும். மலையிலிருந்து மேல்கரைக்கு ஒரு மரப்பாலம், கீழ்கரைக்கு ஒரு மரப்பாலம். உச்சியில் துறவிப் பெண்களின் மடம். மடத்துக்குத் தலைமை விமலை அம்மை. நாற்பத்திரண்டு வயது. தலையை மழித்துக்கொள்வதற்கு முன்னால் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர்.

சேந்தன் அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மேல்கரைப் படையில் பீரங்கி சுபேதார். யுத்தத்தின் நாலாவது வருஷம் ஒரு மத்தியானம் அவர் படையை விட்டு இறங்கி, சட்டையிலிருந்த பட்டையைப் பிய்த்து ஆற்றில் எறிந்துவிட்டு மலையேறி வந்தார்.

அவர் படையில் கடல்நாட்டு ஆலோசகன் ஒருவன் இருந்தான். இளம் கேப்டன். அவனிடம் ஒரு வரைபடம் உண்டு. அதில் ஊர்ப் பெயர் கிடையாது, கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். ஒருநாள் அவன் "நாற்பத்தொன்று" என்றான். சேந்தன் குழாயை உயர்த்தினார், திருப்பினார், கயிற்றை இழுத்தார். பதினெட்டு தடவை இழுத்தார். மூன்று நாள் கழித்து உப்பு விற்க வந்தவன் சொல்லித்தான் தெரிந்தது, நாற்பத்தொன்று என்பது மருதங்குழி. எல்லைக்கோடு போடுவதற்கு முன்பே அவர் தங்கை வெண்ணியைக் கட்டிக்கொடுத்த ஊர். அங்கே இப்போது கிணறு மட்டும் இருக்கிறது என்றான் உப்புக்காரன்.

மடத்து வாசலில் சேந்தன் கும்பிட்டு நின்றார்.

"தாயே, ஒன்று கேட்க வேண்டும்."

"கேளுங்கள், அண்ணா."

அவரை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

"எண்ணைச் சொன்னது அவன் வாய். கயிற்றை இழுத்தது என் கை. என் தங்கையைக் கொன்றது யார்?"

விமலை அம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காயத்துணி மலைபோலச் சேர்ந்து கிடக்கிறது. அண்டாவில் தண்ணீர் கொதிக்கிறது. அலசிக் காயப்போடத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிந்துகொள்ளலாம். வாருங்கள்."

மூன்று வருஷம் போனது. சேந்தன் துணி அலசினார், காயம் கழுவினார், புழு எடுத்தார், செத்தவர்களைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்தார். தலையை மழித்துக்கொண்டு அம்மையின் சீடரானார். பதில் மட்டும் வரவில்லை. ஒருதடவை ஞாபகப்படுத்தினார். "ஞாபகம் இருக்கிறது" என்றார் அம்மை. அதோடு சரி.

ஏழாவது வருஷத்தின் அறுவடைக் காலத்தில் இரண்டு பாலங்களையும் பிடிக்கச் சண்டை மூண்டது. ஐந்து நாள். இரண்டு படைகளும் காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் பின்வாங்கின. மடத்துப் பெண்களும் சேந்தனும் அவர்களை ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். மொத்தம் முப்பத்தாறு பேர்.

"சீருடைகளைக் கழற்றுங்கள்" என்றார் அம்மை.

"கழற்றி?"

"எரியுங்கள். பேன் பிடித்திருக்கிறது."

சேந்தன் எரித்தார். பேன் இருந்தது உண்மைதான். ஆனால் பேன் இல்லாத சட்டையையும் அம்மை எடுத்து நெருப்பில் போட்டதை அவர் கவனித்தார். அதற்கப்புறம் முப்பத்தாறு பேருக்கும் ஒரே காவி வேட்டி, ஒரே கஞ்சி.

அவர்களில் ஆதன் என்று ஒருவன். இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கட்டு மாற்றும்போது சேந்தன் சும்மா பேச்சுக்குக் கேட்டார், "நீ எந்தக் கரை, தம்பி?"

ஆதன் சிரித்தான். "பிறந்தது கீழ்கரை. வேலைக்கு மேல்கரை போனேன். தெருவில் பிடித்துப் படையில் சேர்த்தார்கள். இரண்டாவது வருஷம் கீழ்கரைக்காரன் என்னைச் சிறைப்பிடித்தான். உதைத்துவிட்டுத் தன் சட்டையை மாட்டிவிட்டான். இப்போது கீழ்கரைக்குப் போனால் எதிரிக்குச் சுட்டவன் என்று சுவரோடு நிறுத்துவான். மேல்கரைக்குப் போனால் கட்சி மாறியவன் என்று அதே சுவர். நீங்களே சொல்லுங்கள் மாமா, நான் எந்தக் கரை?"

சேந்தன் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. குளிப்பாட்டும்போது வலியில் கத்துகிற வார்த்தை காட்டிக்கொடுக்கும். மேல்கரையில் தாயை அம்மா என்பார்கள். கீழ்கரையில் ஆத்தா என்பார்கள்.

மழை விட்ட வாரத்தில் சமாதானம் வந்தது. எங்கோ ஒரு நகரத்தில் கடல்நாடும் பனிநாடும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டன. மேல்கரை அரசுக்கும் கீழ்கரை அரசுக்கும் நகல் வந்தது. குடைமலை பொது இடம், அதை யாரும் சுடக்கூடாது என்று அதில் ஒரு வரி. ஒவ்வொரு சிப்பாயும் அவரவர் கரைக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்று இன்னொரு வரி.

நாலாம் நாள் காலையில் பாலத்துக்கு இரண்டு லாரி வீதம் வந்து நின்றன. அம்மை மேலிருந்து பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாய்க்குப் பாய் குனிந்து சொன்னார்.

"உங்களைப் பிரித்துக்கொண்டுபோக வந்திருக்கிறார்கள். போக இஷ்டம் இருப்பவர்கள் வாயைத் திறந்து ஊரைச் சொல்லுங்கள். இஷ்டம் இல்லாதவர்களுக்கு இன்று மௌன விரதம். எழுந்து நடக்க முடிந்த நாளில் எந்தப் பாலத்தில் வேண்டுமானாலும் போகலாம். அன்றைக்கு நான் தடுக்கமாட்டேன்."

படியேறி வந்தவர்கள் நாலு பேர். பனிநாட்டுக் கர்னல், கடல்நாட்டு மேஜர், ஆளுக்கொரு மொழிபெயர்ப்பாளன். கீழே பாலங்களில் இரண்டு அரசுகளின் சிப்பாய்களும் காவல் நின்றார்கள். கர்னலும் மேஜரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வந்தார்கள். கையில் வைத்திருந்த படிவம் மட்டும் ஒன்றாக இருந்தது. பெயர், ஊர், கரை.

"இதை நிரப்பிக் கொடுங்கள்" என்றார் கர்னல், மொழிபெயர்ப்பாளன் வழியாக.

"நிரப்பிவிட்டோம்" என்றார் அம்மை. தன் நோட்டைக் காட்டினார். வயிற்றில் குண்டு, எடுத்து ஆறு நாள், கஞ்சி இறங்குகிறது. வலது கண் போய்விட்டது. சீழ் நின்றது. இப்படி முப்பத்தாறு வரிகள்.

"கரை எங்கே?"

"அதற்கு எங்களிடம் மருந்து இல்லை. அதனால் எழுதவில்லை."

மொழிபெயர்ப்பாளர்கள் கூடத்துக்குள் போனார்கள். மேல்கரை மொழிபெயர்ப்பாளன் தித்தன் என்கிற ஒல்லியான வாத்தியார், மூக்குக்கண்ணாடி போட்டவன். ஒவ்வொரு பாயாகக் குனிந்து கேட்டான்.

"உன் தாயை எப்படிக் கூப்பிடுவாய்?"

பதில் இல்லை. அடுத்த பாய். பதில் இல்லை. சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆதன் முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். முப்பத்தாறு பேர் இருக்கிற கூடத்தில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

கடைசிப் பாயில் கிடந்தவனுக்குக் கடுமையான ஜுரம். அவனுக்கு விரதம் என்று சொன்னதும் தெரியாது, லாரி வந்ததும் தெரியாது. தித்தன் குனிந்தபோது அவன் தெளிவாக, "ஆத்தா" என்றான்.

சுவரோரம் நின்ற சேந்தனுக்கு அது கேட்டது.

வாசலில் நின்ற மேஜர் கேட்டான். "என்ன சொல்கிறான்?"

தித்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நிதானமாகத் துடைத்தான்.

"இருமுகிறான், ஐயா" என்றான்.

பக்கத்துப் பாயருகே நின்றிருந்த கீழ்கரை மொழிபெயர்ப்பாளன் நிமிர்ந்து தித்தனைப் பார்த்தான். அவனும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் சேந்தன் துணி துவைக்கிற கல்லடியில் இருந்தார். மேஜர் தித்தனைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தான். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தான்.

"நீ சுபேதார் இல்லையா? பீரங்கிக்காரன்."

சேந்தனுக்கும் அப்போதுதான் தெரிந்தது. மீசை வைத்திருந்தான், தோளில் நட்சத்திரம் கூடியிருந்தது. அதே கேப்டன்.

"ஓடிப்போன சுபேதாருக்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியும். நான் அதைப் பேச வரவில்லை. நீ இவர்களைக் குளிப்பாட்டுகிறவன். யார் எந்தக் கரை என்று உனக்குத் தெரிந்திருக்கும். நாளைக் காலையில் கூடத்துக்குள் நடந்து வா. பேச வேண்டாம். நம் ஆள் என்றால் வலது கை, அவர்கள் ஆள் என்றால் இடது கை. மன்னிப்புக் கடிதம் என் பையில் இருக்கிறது. இன்றே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

"காட்டாவிட்டால்?"

"இந்த மலை ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படவில்லை என்று எழுதுவோம். அப்புறம் மலை பொது இடம் இல்லை. அதில் கர்னலுக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் கிடையாது."

சேந்தன் கேட்டார். "ஐயா, நாற்பத்தொன்று ஞாபகம் இருக்கிறதா?"

தித்தன் மொழிபெயர்த்தான். மேஜர் புருவத்தைச் சுருக்கினான்.

"எந்த நாற்பத்தொன்று?"

அவன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். ஞாபகம் வரவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

சாயங்காலம் அம்மை ஒரு நோயாளிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். சேந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"மலையை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டால் குண்டு விழும், தாயே. எந்த மேட்டிலிருந்து சுடுவார்கள் என்றுகூட எனக்குத் தெரியும். முதல் குண்டு சமையல்கட்டுக்குப் பக்கத்தில் விழும்."

"ம்."

"இவர்களைக் காட்டிக்கொடுத்தால் மலை பிழைக்கும். காட்டாவிட்டால் எல்லாரும் சாகலாம். நான் என்ன செய்யட்டும்?"

"கையை நீட்டுங்கள்."

நீட்டினார். மூன்று வருஷத்துச் சோப்பும் சுடுதண்ணீரும் தின்ற கைகள். விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. அம்மை களிம்பு எடுத்து வெடிப்புகளில் தடவினார்.

"வந்த அன்றைக்கு இந்தக் கையைப் பற்றி ஒன்று கேட்டீர்கள்."

"நீங்கள் பதில் சொல்லவில்லை."

"அன்றைக்கு அது செய்து முடித்துவிட்டு வந்திருந்தது. முடித்ததைப் பற்றி நான் என்ன சொல்வது?" அம்மை மற்றக் கையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு அது இன்னும் ஒன்றும் செய்யவில்லை, அண்ணா."

சேந்தன் வெகுநேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். களிம்பு எரிந்தது.

காலையில் அவர் கூடத்துக்குள் நடந்தார். வாசலில் கர்னலும் மேஜரும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். முதல் பாய், இரண்டாவது பாய், மூன்றாவது பாய். முப்பத்தாறு ஜோடிக் கண்கள் அவரைப் பார்த்தன. ஜுரக்காரன்கூட விழித்திருந்தான். சேந்தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார். அப்படியே கடைசிப் பாய்வரை போய், அப்படியே திரும்பி வந்து மேஜருக்கு முன்னால் நின்றார்.

"கை எங்கே?" என்றான் மேஜர்.

"இது ஒருதடவை உங்கள் பேச்சைக் கேட்டது, ஐயா. இனிமேல் கேட்காது."

தித்தன் அதை மொழிபெயர்த்தபோது அவன் குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

மேஜரின் முகம் சிவந்துவிட்டது. "இவனைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இவன் என் படையிலிருந்து ஓடிவந்தவன்."

"முடியாது" என்றார் கர்னல். "இது பொது இடம். நான் சம்மதிக்காமல் இங்கிருந்து ஓர் ஆளை நீங்கள் கொண்டுபோக முடியாது."

"அப்படியென்றால் எல்லாரையும் தூக்கி லாரியில் போடுவோம். அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்."

"யார் லாரியில்?"

தன் ஆள் ஒருவன்கூட மற்றவன் லாரியில் ஏறுவதை இரண்டு பேருக்கும் பொறுக்க முடியாது. யார் தன் ஆள் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியாது.

அப்போது விமலை அம்மை இரண்டு மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

"பிரிக்கத்தானே வேண்டும்? வாருங்கள், இடம் காட்டுகிறேன்."

மடத்துக்குப் பின்னால் சரிவு முழுக்க மண்மேடுகள். கல் இல்லை, பெயர் இல்லை. பழைய மேடுகளில் புல் வளர்ந்திருந்தது. ஓரத்தில், பாலச் சண்டையில் செத்தவர்களின் ஒன்பது மேடுகள் ஈரமாகவே இருந்தன.

"ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பதின்மூன்று பேர்" என்றார் அம்மை. "இவர்களும் சிப்பாய்கள்தான். ஒவ்வொரு சிப்பாயும் அவரவர் கரைக்குப் போக வேண்டும் என்று உங்கள் காகிதத்தில் இருக்கிறது. இவர்கள் வாய் திறக்காமல் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்கள். இவர்களை முதலில் பிரியுங்கள். பிரித்து முடித்ததும் உள்ளே இருப்பவர்களை நானே தோளில் சுமந்து வந்து லாரியில் ஏற்றுகிறேன்."

ஒரு மண்வெட்டியைக் கர்னலிடம் நீட்டினார். இன்னொன்றை மேஜரிடம் நீட்டினார்.

இரண்டு பேரும் வாங்கவில்லை. அம்மையும் கையை மடக்கவில்லை. காற்றில் காவித் துணி படபடத்தது. கீழ்கரை மொழிபெயர்ப்பாளன் மட்டும் ஈரமான மேடுகளின் பக்கம் நடந்துபோய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கர்னல் அவனைக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தான்.

கர்னல் தன் பையிலிருந்து வரைபடத்தை எடுத்தார். மேஜரும் எடுத்தான். குடைமலையைச் சுற்றி இரண்டு வரைபடத்திலும் ஒரு பச்சை வட்டம் இருந்தது. ஆளுக்கொரு சிவப்புப் பென்சிலால் அதை அடித்தார்கள். ஒருவர் காகிதத்தில் மற்றவர் கையெழுத்துப் போட்டார். மலையேறி வந்த பிறகு அவர்கள் தகராறு இல்லாமல் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான்.

"இனி அரிசி வராது, மருந்து வராது" என்றார் கர்னல். "சண்டை மறுபடி தொடங்கினால் இந்த மலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புரிகிறதா?"

"புரிகிறது" என்றார் அம்மை. "படி வழுக்கும். பார்த்து இறங்குங்கள்."

லாரிகள் காலியாகத் திரும்பின.

சமாதானம் இருபத்தாறு நாள் நீடித்தது. அதற்குள் பதினோரு பேர் எழுந்து நடந்தார்கள். அம்மை சொன்னபடி யாரையும் தடுக்கவில்லை. ஆறு பேர் மேல்கரைப் பாலத்தில் போனார்கள், நாலு பேர் கீழ்கரைப் பாலத்தில் போனார்கள். ஆதன் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு அடிவாரம்வரை இறங்கி, இரண்டு பாலங்களுக்கும் நடுவில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். வெயில் சாய்ந்ததும் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தான்.

"என்னப்பா?" என்றார் சேந்தன்.

"துணி அலச ஆள் குறைவாக இருக்கிறது என்று தோன்றியது, மாமா."

இருபத்தேழாம் நாள் காலை, கஞ்சி ஊற்றும் நேரத்தில் மேற்கே சத்தம் கேட்டது. சேந்தனுக்கு அந்தச் சத்தம் தெரியும். எந்த ரகப் பீரங்கி, எவ்வளவு தூரம், எத்தனை விநாடி என்று தெரியும். "கீழே படுங்கள்!" என்று கத்தினார். குண்டு சமையல்கட்டைத் தாண்டிக் கிணற்றடியில் விழுந்தது. மதில் ஒரு பக்கம் சரிந்தது. ஓடுகள் மழைபோலக் கொட்டின. கொஞ்ச நேரத்தில் கிழக்கேயும் சத்தம் தொடங்கியது.

புழுதி அடங்கியபோது கூடத்தின் நடுத்தூண் நின்றுகொண்டிருந்தது. படுத்திருந்தவர்களில் யாருக்கும் புதுக் காயம் இல்லை. விமலை அம்மை தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, விழுந்த ஓடுகளை ஓரமாக அடுக்கத் தொடங்கியிருந்தார்.

சேந்தன் அவர் முன்னால் போய் நின்றார். தனக்கு வந்தது கோபமா பயமா என்று அவருக்கே தெரியவில்லை.

"தாயே, கடல்நாடு நம்மை அடித்துவிட்டது. பனிநாடும் அடித்துவிட்டது. இரண்டு அரசுக்கும் நாம் ஆகாதவர்கள். இப்போது நாம் யார் பாதுகாப்பில் இருக்கிறோம்?"

அம்மை ஓட்டைக் கீழே வைத்தார். கூடத்தின் பக்கம் காதைத் திருப்பினார்.

"உள்ளே ஒருவன் தண்ணீர் கேட்கிறான், அண்ணா. அவன் நம் பாதுகாப்பில் இருக்கிறான். போங்கள்."